பிறந்த தேதியும் மனசாட்சியும்

மனநல விடுதி ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் செலவாயிற்று. அந்தப் பணத்தில், தலா 15,000 மார்க்கில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்? 1930களின் நடுவில் ஜெர்மனியில் வந்த பள்ளிக் கணிதப் புத்தகம் ஒன்று இப்படிக் கணக்குக் கொடுத்தது. விடை 400. கணக்குப் போட்ட பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. ஒழுங்காக வகுத்தது, அவ்வளவுதான். நோயாளிக்குச் செய்வது வீண்செலவா என்ற கேள்வியை மட்டும் அந்தப் புத்தகம் கேட்கவே இல்லை. அதற்கு விடை தெரிந்துவிட்டதுபோல அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. பிறகு அதே ஜெர்மனியில், 1940, 1941 ஆகிய இரண்டே ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நோயாளிகள் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள்.

மூளைச்சலவை என்றதும் நல்லதை அழித்துவிட்டுக் கெட்டதை எழுதுவது என்று தோன்றும். நாஜிகள் செய்தது வேறு. 1936 டிசம்பர் சட்டம் ஜெர்மன் இளைஞர் அனைவரையும் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. 1939 மார்ச்சில் பத்து வயது முதல் பதினெட்டு வரை சேவை கட்டாயமாயிற்று. அங்கே கூடாரம், பாட்டு, நடைப்பயணம் எல்லாம் உண்டு. முதலாளி மகனும் கூலித் தொழிலாளி மகனும் ஒரே சீருடையில் நிற்பார்கள். இளைஞரை இளைஞரே வழிநடத்த வேண்டும் என்பது அதன் கொள்கை. பொய்யும் திருட்டும் கற்றுக்கொடுத்து யாரும் பிள்ளைகளைக் கெடுக்கவில்லை. தியாகம், கட்டுப்பாடு, தோழமை என்று எந்தத் தாய்தகப்பனும் மெச்சுகிற குணங்களைத்தான் வளர்த்தார்கள். வளர்த்துக் கொலைக்கு வேலை வாங்கினார்கள்.

அப்படியானால், உள்ளே பேசும் குரலே தப்பாகப் பழக்கப்பட்டிருக்கும்போது அதைக் கேட்டு நடப்பவர் குற்றவாளியா?

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் இதைக் கேட்டுவிட்டார். வழிதவறிய மனசாட்சியானாலும் அதை மீறுவது பாவம் என்றார். ஆனால் அதைக் கேட்டு நடந்ததாலேயே குற்றம் நீங்கிவிடாது. அறிந்திருக்க வேண்டியதை ஒருவர் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ அறியாமல் இருந்திருந்தால் அந்த அறியாமை அவரைக் காப்பாற்றாது. பெரியவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளையிடம் எதை அலட்சியம் என்பது?

அப்படி வளர்ந்த இருவரைப் பார்ப்போம். மெலிட்டா மாஷ்மான், ஹான்ஸ் ஷோல் இருவரும் 1918-இல் பிறந்தவர்கள். இருவரும் 1933-இல், பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகவே, ஹிட்லரின் இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தார்கள். இருவரும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்கள்.

நியூரம்பெர்க் கட்சி மாநாட்டுக்கு உற்சாகத்தோடு போன ஹான்ஸ் சோர்ந்து திரும்பியதாக அவருடைய அக்கா இங்கே ஷோல் பின்னாளில் எழுதினார். பிற நாடுகளின் நாட்டுப்பாடல்களைப் பாடக்கூடாது என்று வந்த தடை அவரை உறுத்தியதாம். 1942 கோடையில் மியூனிக்கில் நண்பர்களோடு சேர்ந்து ஹிட்லர் ஆட்சியை எதிர்க்கும் ‘வெள்ளை ரோஜா’ துண்டறிக்கைகளை எழுதினார். 1943 பிப்ரவரி 22 அன்று அவருக்கும் தங்கை சோஃபிக்கும் நண்பர் கிறிஸ்டோஃப் புரோப்ஸ்டுக்கும் தலை வெட்டப்பட்டது.

மாஷ்மான் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துக்குப் போனார். போலந்துக் குடியானவர்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றும் வேலையில் பங்கெடுத்தார். போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் நம்பிக்கை கலையவில்லை. 1963-இல் வெளிவந்த தன்வரலாற்றில், 1938 நவம்பரில் பெர்லின் தெருக்களில், அடித்து நொறுக்கப்பட்ட யூதர் கடைகளின் கண்ணாடிச் சில்லுகளைக் கண்டதைச் சொல்கிறார். கண்டதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மனத்திலிருந்து தள்ளினாராம். அப்போது அவருக்கு இருபது வயது. அக்வினாஸ் சொன்ன அந்த அறியாமையைத் தான் எப்படி உண்டாக்கிக்கொண்டோம் என்பதற்கு அவரே சாட்சி சொல்கிறார்.

வேறுபாடு வீட்டில் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஷோல் வீட்டில் தகப்பனார் ராபர்ட், ஹிட்லரைத் திட்டிச் சிறைக்குப் போனவர். மாஷ்மானின் பெற்றோர் தேசியவாதப் பழமைவாதிகள். ஆனால் மாஷ்மானுக்கும் மாற்றுக் குரல் ஒன்று பக்கத்திலேயே இருந்தது: பள்ளித் தோழி ஒருத்தி யூதப் பெண். அந்த நூலையே அவளுக்கு எழுதும் கடிதமாகத்தான் அமைத்தார். கேட்காத குரல் அல்ல. கேட்டும் ஒதுக்கிய குரல். பிறகு அவர் இந்தியாவுக்கு வந்து ஆன்மிக குரு ஆனந்தமயி மாவின் சீடரானார். சரணடையும் அதே பழைய தாகம்தானா, அதிலிருந்து விடுதலையா என்பதில் வாசகர்கள் ஒத்துப்போக மாட்டார்கள்.

சட்டத்துக்கு இவ்வளவு யோசனைக்கு நேரமில்லை. 1946-இல், ஜெர்மனியில் அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த பகுதியில், நாஜி ஈடுபாட்டுக்கான இளைஞர் பொதுமன்னிப்பு வந்தது: 1919 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்களை, பெருங்குற்றவாளிகள் நீங்கலாக, விசாரிக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் மாஷ்மான் ஓராண்டு மூத்தவர். சோஃபி பிறந்தது 1921 மே 9. அவரும் ஒரு காலத்தில் ஹிட்லர் இயக்கத்தின் சிறுமியர் சங்கத்தில் குழுத்தலைவி. உயிரோடு இருந்திருந்தால் அதற்காக அவரை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். விவரம் தெரியாத வயதில் சேர்ந்தவர் என்று விட்டிருப்பார்கள்.