யார் சுமை யாருக்கு?

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலுள்ள பெய்ரூத், பினீஷியர் காலத்துப் பழந்துறைமுகம். உரோமர் ஆட்சியில் அங்கிருந்த சட்டக் கலாசாலை பெரும்புகழ் பெற்றது. கி.பி. 551இல் நேர்ந்த நிலநடுக்கம் அந்நகரைப் பாழாக்கிற்று. எனினும் நீதியின் குரல் அம்மண்ணில் மீண்டும் எழுந்தது.

பஅலபக்கில் பிறந்த இமாம் அவ்ஸாஈ (ரஹ்) அவர்கள் பெய்ரூத்தில் வாழ்ந்து, ஹிஜ்ரி 157இல் அங்கேயே மறைந்தார்கள். லெபனான் மலைவாழ் கிறித்தவருள் சிலர் கிளர்ச்சி செய்தபோது, அப்பாஸிய ஆளுநர் ஸாலிஹ் இப்னு அலீ, அதில் சேராதவர்களையும் ஊரைவிட்டு அகற்றினார். இமாமவர்கள் வாளாவிருக்கவில்லை. சிலர் செய்த குற்றத்துக்காகப் பலரை வீடு வாசலை விட்டுத் துரத்துவது எவ்வாறு தகும் என்று ஆளுநருக்கே கடிதம் வரைந்தார்கள். ஒருவர் பாவச்சுமை மற்றவர் மேல் ஏறாது என்னும் திருமறையின் நெறியே அவர்களுக்கு ஆதாரம்.

1920இல் லெபனானின் தலைநகராகிய அதே பெய்ரூத்தில், 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடையாளச் சீட்டில் கண்ட மதத்தைப் பார்த்தே வழிப்போக்கர்கள் கொல்லப்பட்டனர். சிலர் பழி பலர்மேல் விழுந்தது.

2020 ஆகஸ்டு 4ஆம் நாள் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆறாண்டுகளாகக் கிடந்தது. அதிகாரிகள் பலர் அதை அறிவர். எச்சரிக்கைக் கடிதங்களும் சென்றன. அது வெடித்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஒருவர் மற்றவரைச் சுட்டினர். விசாரணை பன்முறை தடைப்பட்டது. சிலர் பழி பலரிடையே கரைக்கப்பட்டது.

பலர் கூடிச் செய்த தவற்றில் தனியொருவரைப் பிடிப்பது எங்ஙனம் எனச் சிலர் வினவலாம். பர்ளு கிபாயாவை எண்ணிப் பாருங்கள். கடமையைச் சிலர் நிறைவேற்றினால் மற்றையோர் விடுபடுவர். எவருமே செய்யாவிடின் இயன்றும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகள். இது இமாமவர்களின் நெறிக்கு முரணன்று. இங்கு எவரும் பிறர் சுமையைச் சுமக்கவில்லை. தாம் கைவிட்ட கடமையையே சுமக்கின்றனர். நூறு பேர் பங்கிட்டுக்கொள்வதால் அமானிதம் நூறில் ஒன்றாகக் குறைந்துவிடாது.

குற்றமற்றவர்மீது பழியை ஏற்றுவதும், குற்றமுற்றவரைக் கூட்டத்தில் மறைப்பதும் ஒரே அநீதியின் இரு முகங்கள். முன்னதைக் கண்டு கொதிக்கும் நாம், பின்னதை நம் அலுவலகத்திலும் ஜமாஅத்திலும் இல்லத்திலும் காணும்போது என்ன செய்கிறோம்? அறிந்த ஒருவர் எழுதும் ஒரு கடிதத்தோடு அவர் கடமை முடிந்துவிடுகிறதா? இமாமவர்கள் எழுதிய கடிதம் ஆளுநரின் முகத்துக்கு நேராக நின்றது. கோப்புக்குள் உறங்குவதற்காக எழுதப்பட்டதன்று.