உள்ளே எரியும் தீ

தம்பி, தங்கைகளே, பல்கலைக்கழக விடுதியில் என் முதல் ஆண்டு இப்படித்தான் போச்சு: காலையில் பட்டினி, மதியம் ஒரு மைலோ, ராத்திரி ஒரு மணிக்கு மாமாக் கடையில் மீ கோரெங், தே தாரிக். வெள்ளிக்கிழமை மட்டும் சைவம். அதில் ஒரு பெருமை வேறு!

வயிற்றுவலியில் சுருண்டு படுத்தபோதுதான் கீதையின் 15ஆம் அத்தியாயம் உறைத்தது. உயிர்களின் உடலுக்குள் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து உணவைச் செரிப்பது நானே என்கிறார் கண்ணன். கோயில் ஓமகுண்டத்தில் கண்டதையும் கண்ட நேரத்தில் போடுவோமா? 6ஆம் அத்தியாயம் இன்னும் கறார்: மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே கிடப்பவனுக்கும் இல்லை. நான் ஒரே நாளில் அந்த இரண்டு பேராகவும் இருந்தேன்.

விடுதியில் சமைக்க விடமாட்டாங்க. அதனால் முதல் நாளே வாழைப்பழம் வாங்கி மேசையில் வைத்துவிடுகிறேன். எட்டு மணி வகுப்புக்கு முன், கண்ணை மூடி ஒரு விநாடி நின்றுவிட்டுச் சாப்பிடுகிறேன். நேற்றுகூட மாமாக் கடைதான். ஆனா பத்து மணிக்கே.