அபு எறிந்த சிமிழ்

சீடன்: ஐயா, தாங்கள் படிக்கும்படி பணித்த ‘பதேர் பாஞ்சாலி’யை ஆர். ஷண்முகசுந்தரத்தின் தமிழாக்கத்தில் வாசித்து முடித்தேன். விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் 1929-ல் நூலாக வெளியிட்ட அந்நாவலுக்கு வங்காளம் அளித்த கௌரவத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும், ஒரு பாலகன் வளர்ந்து ஆளாகும் வரலாறு என்று எல்லோரும் அதைச் சொல்லுகையில், மூங்கில் தோப்பையும் ஆகாயத்தையும் கண்டு வியப்பதையன்றி அபு வேறொன்றும் செய்யக் காணோமே என்ற சந்தேகம் எழுகிறது. கிழவி இந்திர் மறைந்தாள், தமக்கை துர்க்கை மறைந்தாள், காசியில் தந்தை ஹரிஹரனும் மறைந்தான். இத்தனை சாவுகளுக்கு நடுவே பிள்ளை வளர்ந்தது எவ்விடத்தில்?

குரு: குடும்பம் தன் ஊராகிய நிச்சிந்திபுரத்தை விட்டுப் புறப்படுகிற பகுதியை நிதானமாகப் படித்தாயா?

சீடன்: தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டும் பகுதிதானே? சற்று விரைந்து கடந்தேன்.

குரு: நீ தேடியதை அங்கேதான் தவறவிட்டாய். அண்டை வீட்டுச் செல்வர்களின் பொன் குங்குமச் சிமிழ் காணாமற் போய், அதைத் திருடியவள் துர்க்கையே என்று பழி சுமத்தி அவளை அடித்த சம்பவம் உனக்கு நினைவிருக்கும். அவள் இறந்து, அழுதவர்களின் கண்ணீரும் வற்றி, வீடே காலியாகும் நாளில், எவர் கையும் நெடுங்காலம் தொடாத ஒரு மூலையில் அதே சிமிழ் அபுவின் கையில் அகப்படுகிறது. அக்காள் திருடித்தான் இருக்கிறாள் என்ற உண்மை, கேட்பதற்கு அவளும் இல்லாத வேளையில், அந்தச் சிறுவனுக்கு மட்டுமே வெளிப்படுகிறது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. சிமிழை மூங்கில் காட்டுக்குள் வீசி எறிந்துவிட்டு, இதைத் தாயிடங்கூடச் சொல்வதில்லை என்று மனத்துக்குள் உறுதி செய்துகொள்கிறான். அதுவரை பிறர் சொன்ன கதைகளையே கேட்டு வளர்ந்தவன், பிறருக்குச் சொல்லக்கூடாத கதை ஒன்றுக்கு அன்று உரியவனானான். ஆளாவது என்பதற்கு இதைவிடத் தெளிவான லக்ஷணம் எனக்குத் தெரியவில்லை.

சீடன்: களவுபோன பொருளை உடையவரிடம் சேர்ப்பதல்லவா தர்மம்? குற்றமற்ற நன்மை தருமெனில் பொய்யும் மெய்யே என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் அளித்த விலக்கை இதற்குப் பொருத்தலாமோ?

குரு: அது சொல்லப்படும் பொய்க்கு அளித்த விலக்கு. இங்கே எவரும் கேட்கவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை. சிமிழைக் கொடுத்துவிட்டால் உடையவளுக்குப் பொன் திரும்பும், துர்க்கைக்கோ திருடி என்ற பெயர் நிலைக்கும். அதை மறுக்க அவளுக்கு வாயும் இல்லை. அதற்காக அவன் செய்தது தர்மம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. சாஸ்திரத்தையோ தாயையோ கேளாமல் தானே ஒரு முடிவு செய்து, அதன் பாரத்தைத் தானே சுமக்கத் துணிந்தான் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

சீடன்: 1955-ல் சத்யஜித் ராய் எடுத்த படத்தில், அவன் சிமிழுக்குப் பதிலாக ஒரு மாலையைக் குளத்தில் எறிய, விலகிய பாசி மெல்லக் கூடி மூடிக்கொள்ளும். அதுவே மேலென்று எனக்குத் தோன்றிற்று.

குரு: கண்ணுக்கு மேல்தான். ஆனால் குளம் இரகசியத்தை விழுங்கிவிடுகிறது. மூங்கில் காட்டிலோ பொன் சருகுக்கடியில் அப்படியே கிடக்கும். விறகு பொறுக்கப் போகும் எவள் கையிலும் ஒருநாள் அகப்படலாம். படத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. அக்காளும் தம்பியும் நாணற் பூக்களிடையே ஓடி ரயிலைக் காண்பதாக ராய் அமைத்தார். புத்தகத்தில் துர்க்கைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நோய்ப் படுக்கையில் கிடந்து, குணமானதும் ரயிலைக் காட்டுவாயா என்று தம்பியைக் கேட்கிறாள். பின்னர் அபு ரயிலேறிச் செல்கையில் அவளுக்குப் பட்ட கடனோடுதான் செல்கிறான். இவ்வளவுக்கும், பாகல்பூரில் தலைவிரிகோலமாய் நின்ற ஒரு சிறுமியைக் கண்ட பிறகே விபூதிபூஷணர் துர்க்கையைப் படைத்து, முதலில் எழுதியதைத் திருத்தி எழுதினார் என்பார்கள். அவள் இல்லாத அபுவை எண்ணிப் பார். நீ சொன்னபடி ஆகாயத்தைப் பார்ப்பவனாகவே நின்றிருப்பான்.

சீடன்: தாய் சர்வஜயையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆதரவற்ற இந்திரை வீட்டைவிட்டு விரட்டியவள், கடைசியில் பணக்காரர் வீட்டில் சமையல்காரியாய் நின்றது கர்ம பலன் அன்றோ?

குரு: கர்ம பலன் என்றுவிட்டால் படிப்பவனுக்கு நிம்மதி, ஆசிரியர் அந்த நிம்மதியைத் தரவில்லை. உயர்குலத்தான் ஒருவன் பல பெண்களை மணக்கும் குலீன விவாக வழக்கத்தால் பெயரளவில் மணமாகி அநாதையாய் நின்ற அக்கிழவியின் பகுதிக்கு, அவ்வழக்கை ஏற்படுத்தியவனாகச் சொல்லப்படும் வல்லாளசேன மன்னனின் பெயரையே இட்டிருக்கிறார். ஆனால் வெளியே போ என்றது மன்னனின் வாயன்று, சர்வஜயையின் வாய். இரண்டையும் சேர்த்தே படி.

சீடன்: படிக்கிறேன். இறுதியாக ஒன்று. தாயிடமும் சொல்வதில்லை என்று அபு காத்த இரகசியத்தை, ஆசிரியர் அச்சிட்டு வங்காளம் முழுவதற்கும் சொல்லிவிட்டாரே! பிள்ளை காத்த மானத்தை எழுத்தாளர் காக்கவில்லை என்று நான் குற்றஞ்சாட்டினால்?

குரு: (சிறிது நேரம் யோசித்து) நல்ல கேள்வி, தர்க்கத்தில் உனக்கே ஜயம். ஆனால் அவர் எப்போது சொன்னார் என்பதைப் பார். அவள் திருடிய மாங்காயைத் தின்னும்போது நம்மையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் அடிபட்டபோது நம்மையும் துடிக்கவைத்து, அவள் போனபின் நம்மையும் அழவைத்து, அதன் பிறகல்லவா சொல்கிறார்? அந்த இடத்துக்கு வந்து சேரும் வாசகன் எவனும் சிமிழைப் பறிகொடுத்த வீட்டாரின் கட்சியில் நிற்பதில்லை. உறவினரிடம் சொன்னதை ஊருக்குச் சொன்னதாக எப்படிக் கொள்வது?

சீடன்: விரைந்து கடந்து வாசித்த என்னைப் போன்றவனிடமும் சொல்லியிருக்கிறாரே, ஐயா.

குரு: அது அவர் ஏற்ற அபாயம்.