முன்னே சென்ற தடி

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்தபின் வருவது சந்தாபுரா. ஆனேக்கல்லுக்குச் செல்லும் சாலை அங்கிருந்துதான் பிரிகிறது. இன்னும் சற்றுத் தூரம் சென்றால் அத்திபெலே. அதைத் தாண்டினால் தமிழக எல்லை. ஒருபுறம் கணினி நிறுவனங்களும் மறுபுறம் ஆலைகளுமாக அமைந்த இப்பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்து, வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தாய் பகல் வேலை முடிந்து திரும்பும் வேளையில் தகப்பன் இரவு ஷிப்டுக்குப் புறப்படுகின்ற வீடுகள் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் அவர்களில் பலர் தமிழ் எழுத்தை வாசிக்க அறியார்.

இத்தகைய பிள்ளைகளுக்குத் திருச்சபை கொடுக்கும் நேரம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலையின் ஒரு மணி நேரமே. ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் அது ஒன்று. மற்ற நேரங்களில் பிள்ளையின் கைக்கு எட்டுவது கைப்பேசி. எனவே, பிள்ளை இருக்கும் இடத்திற்கே வேதபாடத்தை அனுப்பிவிடலாம் என்னும் எண்ணம் சபைகளில் எழுவது இயற்கையே. வாட்ஸ்அப் குழுவில் மனப்பாட வசனம், யூடியூபில் கதை, ஜூமில் வகுப்பு, செயலியில் வினாடி வினா என்று சிறுவர் ஊழியம் இன்று பல வழிகளில் நடைபெறுகிறது.

இதைச் சிலர் உலகத்தோடு ஒத்துப்போதல் என்று அஞ்சுகின்றனர். வேறு சிலர் இதுவே ஊழியத்தின் எதிர்காலம் என்று மகிழ்கின்றனர். இரு சாராரும் கேட்பது ஒரே கேள்வி: கருவியைப் பயன்படுத்தலாமா, கூடாதா? ஆனால் உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: கருவியை அனுப்பியவரின் கடமை எங்கே முடிகிறது?

மணியும் அச்சும் வானொலியும்

பிள்ளைகளைத் தேடிச் செல்லக் கருவியை நாடுவது திருச்சபைக்குப் புதிதன்று. 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் ஒரு மணியை ஏந்தி ஊருக்குள் நடந்து சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். தமிழ் சரிவரத் தெரியாத அவர், தமிழ் அறிந்தோரைக்கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து கற்பித்தார். கற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தோருக்கும் அயலாருக்கும் கற்பித்தனர். அவரால் போகமுடியாத நோயாளிகளின் வீடுகளுக்கும் பிள்ளைகளே சென்றனர்.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், விசுவாசப் போதனையைத் தமிழில் கற்பிக்கவே பிறந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பள்ளிகளை நடத்தியதோடு, சில ஆண்டுகளில் அங்கே அச்சகத்தையும் நிறுவினார். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெயிக்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியும் அக்காலத்தில் ஒரு புதுமுறையே. வாரத்தின் மற்ற நாட்களில் ஆலைகளில் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்ந்திருந்த ஒரே நாள் அது என்பதால், அந்நாளில் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தனர். ஓய்வுநாளின் பரிசுத்தம் கெடும் என்று அதை எதிர்த்தவர்களும் இருந்தனர். இன்று சபையின் பழைய வழக்கமாகத் தோன்றும் ஓய்வுநாள் பாடசாலை, அன்றைய தொழில் நகரம் ஒன்றின் தேவைக்குக் கிடைத்த விடை. சந்தாபுரா போன்ற இன்றைய தொழில் நகரங்கள் தங்கள் தேவைக்கேற்ற விடையைத் தேடுவதில் தவறில்லை.

1970இல் சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிய ஃபீபா வானொலி, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் நற்செய்தியைக் கொண்டுவந்தது. அக்காலத்து வானொலி ஊழியத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் முடிவில் ஒரு முகவரி கூறப்படும். நேயர்கள் கடிதம் எழுதுவார்கள். அக்கடிதத்தை ஒருவர் வாசித்துப் பதில் எழுதுவார். தபால் வழி வேதபாடம் வந்து சேரும். குரல் காற்றில் வந்தாலும், அதன் பின்னால் ஒரு மனிதரின் கையெழுத்து வந்தது.

பொதுமுடக்கம் காட்டியது

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம் அமலானபோது, ஆலயக் கதவுகளும் ஓய்வுநாள் பாடசாலைகளும் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் தேதி உயிர்த்தெழுந்த பண்டிகையைப் பெரும்பாலான குடும்பங்கள் திரையின் முன்னே ஆசரித்தன. கோடை விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் பல இடங்களில் திரைக்கு மாறியது.

அதனால் கிடைத்த நன்மைகள் உண்மையானவை. நோயுற்ற பிள்ளையும், மாற்றலாகி வேறு ஊருக்குச் சென்ற பிள்ளையும் வகுப்பில் கலந்துகொள்ள முடிந்தது. சொந்த ஊரிலிருக்கும் பாட்டி, பெங்களூருவில் வளரும் பேரனுக்குக் கைப்பேசி வழியே வேதக்கதை சொல்ல முடிந்தது. தீமோத்தேயுவுக்கு ஒரு லோவிசாள் இருந்ததுபோல, எல்லை கடந்து வாழும் பிள்ளைக்கும் ஒரு பாட்டி கிடைத்தாள். தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளை, ஒலிவடிவ வேதாகமத்தின் மூலம் தாய்மொழியில் வசனத்தைக் கேட்டது. இவற்றை அற்பமாக எண்ணுவது நன்றியற்ற செயலாகும்.

ஆனால் குறைகளும் அப்பொழுதே வெளிப்பட்டன. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் அமைப்பின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, பள்ளியில் பதிவு பெற்ற பிள்ளைகளில் 67.6 சதவீதத்தினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்ததாகவும், அப்படிப்பட்ட வீடுகளிலும் ஏறத்தாழ கால்பங்குப் பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்தும் வாய்ப்பே கிடைக்கவில்லை என்றும் கூறியது. வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கிறது. அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடுகிறது. இந்நிலையில், இணையவழி வகுப்பு மட்டுமே நடத்தும் சபை, தான் அறியாமலே ஏழைப் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. சிறுபிள்ளைகளைத் தடுத்தபோது ஆண்டவர் கோபங்கொண்டது தமது சொந்தச் சீஷர்கள்மேல்தான் என்பதை ஊழியர்கள் மறந்துவிடலாகாது.

தடி செய்யாததும் ஆள் செய்ததும்

இக்கேள்விக்கு வெளிச்சம் தரும் சம்பவம் ஒன்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. சூனேம் ஊராளாகிய ஒரு பெண்ணின் மகன் இறந்துபோகிறான். அவள் கர்மேல் மலையிலிருந்த எலிசாவிடம் விரைந்து செல்கிறாள். எலிசா தம் ஊழியக்காரனாகிய கேயாசியிடம் தமது தடியைக் கொடுத்து, வழியில் எவரோடும் பேசி நில்லாமல் சென்று, அதைப் பிள்ளையின் முகத்தில் வைக்கும்படி அனுப்புகிறார். தாயோ, தீர்க்கதரிசியை விட்டு நகர மறுக்கிறாள். ஆகவே அவரும் எழுந்து அவளுக்குப் பின்னே நடக்கிறார்.

கேயாசி சொன்னபடியே செய்தான். தடி பிள்ளையின் முகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் பிள்ளை எழுந்திருக்கவில்லை. பின்பு எலிசா தாமே வந்து, அறைக்கதவை அடைத்து, ஜெபித்து, தம் வாயும் கண்ணும் கையும் பிள்ளையினுடையவற்றோடு பொருந்தும்படி அவன்மேல் சாய்ந்தார். சில்லிட்ட உடலில் சூடு பரவியது. அப்பொழுதும் பிள்ளை கண் திறக்கவில்லை. அவர் எழுந்து வீட்டுக்குள் உலாவி, மறுபடியும் சாய்ந்தார். அதன்பின்பே பிள்ளை கண்களைத் திறந்தான்.

தடியை அனுப்பியதற்காக வேதம் எலிசாவைக் குற்றப்படுத்தவில்லை. ஆபத்து வேளையில் தமக்கு முன்னே ஓடக்கூடியது எதுவோ அதை அனுப்பினார். ஆனால் தடியை அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் மலையிலேயே தங்கிவிடவில்லை. இதுவே இச்சம்பவம் கற்பிக்கும் நீதி: கருவி முன்னே போகலாம், ஆனால் அதை அனுப்பியவர் பின்னே போகக் கடன்பட்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பிய ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை அப்பிள்ளை வராதபோது அதைக் கவனிக்கிறாரா? மூன்றாம் மாடியிலிருக்கும் அந்த வீட்டின் படிகளில் ஏறி, ஏன் வரவில்லை என்று கேட்கிறாரா? தகப்பனுக்கு வேலை போய்விட்டது, தாய் காய்ச்சலில் கிடக்கிறாள், பிள்ளை பள்ளியில் அவமானப்பட்டது என்பவற்றைக் காணொளி அறியாது. பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்கவும் அதனால் இயலாது. இயேசு கிறிஸ்து சிறுபிள்ளைகளைத் தூரத்திலிருந்தே ஆசீர்வதித்திருக்கக் கூடும். நூற்றுக்கதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே சுகமாக்கியவர் அவர். ஆயினும் பிள்ளைகளை அவர் கைகளில் ஏந்திக்கொண்டார்.

வார்த்தை தானே கிரியை செய்யாதா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வேதவசனம் வல்லமையுள்ளது, அதைக் கொண்டுவருவது மனிதரானால் என்ன, திரையானால் என்ன? அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபங்கள், அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் கிரியை செய்யவில்லையா?

இம்மறுப்பில் உண்மை உண்டு. தடியைப்போல எழுத்து வெறுமையானதன்று. மனிதர் போகமுடியாத இடத்திற்கும் காலத்திற்கும் அது போகிறது. எவரும் வந்து சந்திக்காத ஒரு பிள்ளை, ஒரு காணொளியால் ஆண்டவரை அறிந்துகொள்வதும் கூடும். எனினும், பவுல் தம் நிருபங்களைத் தீகிக்கு போன்ற உடன் ஊழியரின் கையில் கொடுத்தனுப்பி, தம் நிலைமையை அவரே நேரில் சொல்லித் தேற்றுவார் என்று எழுதினார். முதிர்ந்த யோவானோ, எழுதவேண்டியவை அநேகம் இருந்தும், காகிதத்தோடும் மையோடும் நின்றுவிட விரும்பாமல், முகமுகமாய்ப் பேச வருவதாக நம்பினார். காகிதமும் மையும் அவர் காலத்துக் கருவிகள். அவற்றை அவர் வெறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு திருப்தியடையவுமில்லை.

மேலும் இக்காலத்துக் கருவிக்கு மையைப்போலன்றி ஒரு சொந்த நோக்கமும் உண்டு. வேதக்கதை முடிந்தவுடன் அடுத்து என்ன வரவேண்டும் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பதில்லை. பார்ப்பவரைத் திரையின் முன்னே நீண்ட நேரம் இருத்திவைக்க விரும்பும் நிறுவனம் தீர்மானிக்கிறது. பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டியதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, கூகுளும் யூடியூபும் 2019இல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. ஆசிரியர் பிள்ளைக்காக நேரம் செலவிடுகிறார். இக்கருவியோ பிள்ளையின் நேரத்தையே தன் வருவாயாக்குகிறது. இவ்வேறுபாட்டை அறிந்தே கருவியைக் கையில் எடுக்கவேண்டும்.

எண்ணிக்கையும் படமும்

கேயாசியிடம் பாராட்டத்தக்க ஒன்று உண்டு. அவன் திரும்பி வந்து, பிள்ளை விழிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி அறிவித்தான். தடியை வைத்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லி அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. காணொளியை 300 பேர் பார்த்தனர் என்பது தடி வைக்கப்பட்டது என்பதற்குச் சமம். அதை, 300 பிள்ளைகள் சந்திக்கப்பட்டனர் என்று ஊழிய அறிக்கையில் எழுதுவது பொய்யாகும். எத்தனை பேர் பார்த்தனர் என்பதோடு, எத்தனை பிள்ளைகள் பெயர் சொல்லி அறியப்பட்டனர் என்பதையும் எழுதும் அறிக்கையே உண்மையான அறிக்கை.

எலிசா அறைக்கதவை அடைத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. பிள்ளையின் துயரம் அங்கே எவருக்கும் காட்சியாகவில்லை. இன்றோ, கண்ணீரோடு ஜெபிக்கும் பிள்ளையின் முகம் பேஸ்புக்கில் இடப்பட்டு, காணிக்கை கொடுப்போருக்குக் காட்டப்படுகிறது. அப்பிள்ளை வளர்ந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைக் கண்டால் என்ன நினைக்கும்? அன்பின் பெயரால் எடுக்கப்பட்டதாயினும், சம்மதமின்றி எடுக்கப்பட்டது எடுக்கப்பட்டதே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கோருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மின்னணு வழியில் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லைகளையும் குற்றமாக்கியுள்ளது. ஆகவே பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனிமையில் செய்தி பரிமாறும் வழக்கம் எந்தச் சபையிலும் இருத்தலாகாது. பெற்றோரின் எண்ணுக்கே செய்தி செல்லவேண்டும். குழுவில் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் இருக்கவேண்டும். சட்டத்திற்குப் பயந்து மட்டும் அல்ல, பிள்ளை தேவனுடைய சாயலைத் தாங்கியது என்பதாலேயே இவை செய்யத்தக்கவை.

கடனைத் தீர்க்கும் வழி

சந்தாபுராவிலும் அதைப்போன்ற ஊர்களிலும் உழைக்கும் சபைகளுக்குப் பெரிய படப்பிடிப்புக் கூடமோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. முன்பின் அறியாத ஒருவரின் அழகிய காணொளியைவிட, பிள்ளை அறிந்த ஆசிரியரின் குரலில் இரண்டு நிமிட ஒலிப்பதிவு அதிகம் பேசும். கைப்பேசி இல்லாத வீட்டிற்கு அதே பாடம் அச்சிட்ட தாளாகச் செல்லலாம். தாய் ஒருத்தி இரவில் அடுப்படியில் நின்றபடியே அதைப் பிள்ளையோடு சேர்ந்து கேட்டால், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கவேண்டும் என்ற மோசேயின் கட்டளை அங்கே நிறைவேறுகிறது.

அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு பெயரும், ஒரு ஜெபமும், ஒரு சந்திப்பும் இணைக்கப்படட்டும். ஓர் ஆசிரியரால் வாரத்திற்கு இரண்டு வீடுகளுக்கு மட்டுமே போகமுடியுமானால், அந்த இரண்டு வீடுகளுக்குப் போகட்டும். பத்து வாரங்களில் இருபது வீடுகள் ஆகும்; ஒரு ஓய்வுநாள் வகுப்பில் அதற்குமேல் பிள்ளைகள் இருப்பது அரிது. தடி முன்னே செல்லட்டும்; அதை அனுப்பிய கால்கள் மலையிலிருந்து இறங்கிப் பின்னே வரட்டும்.