பெயரிடுவோனின் பொறுப்பு
– சீ மொழியின் வகைமாற்றத்தை முன்னிட்டு ஒரு சிந்தனை –

ஒரு பொருளை ‘இஃது இன்னது’ என்று துணிந்து கூறுவதற்குரிய உரிமை எங்கிருந்து பிறக்கின்றது? மெய்யியல் தொன்றுதொட்டு எழுப்பிவரும் வினா இது. தமிழில் அளவையியல் பேசிய நூலார் காட்சி, கருதல், உரை என அறிவின் வாயில்களை வகுத்தனர். இப்பியை வெள்ளியென்று காண்பதனைத் திரிவுக் காட்சிக்கு எடுத்துக்காட்டினர். அவ்வாறு கண்டவன் ஏமாற்றமடைகின்றான். அந்நட்டம் பெரும்பாலும் அவனோடு முடிந்துவிடுகின்றது. ஆயின், பொருளைக் காணாமலே ‘இது வெள்ளி, வெள்ளியாகவே கொள்க’ என ஒருவன் விதித்து, அவ்விதியின்படி பிறர் ஒழுக நேரின், பிழை அறிவின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. இத்தகைய விதித்தல் நாள்தோறும் நிகழும் இடங்களுள் ஒன்று கணினிச் செய்நிரலாகும். குறிப்பாகச் சீ மொழியிலே ‘வகைமாற்றம்’ எனப்படும் செயல், சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவை மிகத் துலக்கமாகக் காட்டவல்லது.

கணினியின் நினைவகத்திலே இருப்பன யாவும் பூச்சியங்களும் ஒன்றுகளுமே. ஒரே இலக்கத்தொடர் எண்ணாகவும், எழுத்தாகவும், இன்னொரு தரவின் முகவரியாகவும் வாசிக்கப்படலாம். தான் எதுவென்பதை அத்தொடர் தானாகச் சொல்லாது. 1967 இல் மாட்டின் றிச்சட்ஸ் உருவாக்கிய பீசீபீஎல் மொழியும், அதன்வழி கென் தொம்சன் அமைத்த பீ மொழியும் தரவுகளிடையே வகைபேதம் பாராட்டவில்லை. அவற்றுக்கு யாவும் ஒரே அளவான கலங்களே. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி பீ மொழியைச் சீ மொழியாக வளர்த்தபோது, முழு எண், எழுத்து முதலான வகைகளை அதனுள் புகுத்தினார். அதனால், செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பானுக்கு ஒவ்வொரு பெயரும் எவ்வகைத் தரவைக் குறிக்கின்றதென அறிந்து, பொருந்தாப் பயன்பாட்டைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பு ஏற்பட்டது.

எனினும், இறுதிச் சொல்லைச் சீ மொழி செய்நிரலாளனிடமே விட்டுவைத்தது. விரும்பிய வகையின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதித் தரவின் முன்னே வைத்தால், தொகுப்பான் தன் ஐயத்தை விடுத்து அதனை ஏற்றுக்கொள்ளும். இவ்விடத்து இரு செயல்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். 32 இரும இலக்கங்களில் எழுதப்பட்ட 1.0 என்னும் தசம எண்ணின் பெறுமானத்தை முழு எண்ணாக மாற்றுக என்றால் 1 கிடைக்கும். அங்கு உண்மையான மாற்றம் நிகழ்கின்றது. ஆயின், அவ்வெண் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘சுட்டி’யை மாத்திரம் முழு எண்ணின் சுட்டியெனப் பெயர்மாற்றி வாசித்தால், இன்றைய பெரும்பாலான கணினிகளில் 1065353216 என்பது வெளிவரும். சீ மொழியின் நியமம் இவ்வாசிப்புக்கு எவ்வித உத்தரவாதமும் தருவதில்லை. நினைவகத்தில் ஓர் இலக்கமும் மாறவில்லை. பெயர் மாறியது, அதனால் பொருள் மாறியதாகக் கொள்ளப்பட்டது.

அங்ஙனமாயின் சுட்டிகளின் வகைமாற்றத்தை முற்றாகத் தடைசெய்துவிடலாகாதா எனின், சீ மொழியின் நடைமுறை அதற்கு இடந்தராது. கணினித் திரையில் தோன்றும் பொத்தான், பட்டியல், எழுத்துப்பெட்டி ஆகியன யாவும் ‘திரைக்கூறு’ என்னும் பொதுவினத்தைச் சார்ந்தவை. அவற்றை ஒருங்கே பேணும் செய்நிரற்பகுதி, அவற்றைத் திரைக்கூறுகள் என்று மட்டுமே அறியும். அங்கிருந்து ஒன்றை எடுத்துப் பொத்தானாகப் பயன்படுத்த விரும்புவோன், ‘இது பொத்தான்’ என்று கூறியே ஆகவேண்டும். பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்கும் இவ்விடத்திலேதான் ஆபத்து உறைகின்றது.

இவ்வாபத்துக்கு மாற்றாக எழுந்ததே பாதுகாப்பான வகைமாற்றம். சீ மொழியில் எழுதப்பட்ட ஜீலிப் நூலகத்தோடு இணைந்த ஜீஒப்ஜெக்ட் முறை இதற்கு நல்லதோர் உதாரணமாகும். அம்முறையில் ஒவ்வொரு பொருளின் தலைப்பகுதியிலும் அதன் இனத்தைக் காட்டும் அடையாளம், அப்பொருள் உருவாக்கப்படும்போதே பொறிக்கப்படுகின்றது. வகைமாற்றம் வேண்டுமிடத்து ஒரு மக்ரோவை எழுதுவர். மக்ரோ என்பது தொகுப்புக்கு முன்னர் வேறொரு தொடராக விரிக்கப்படும் சுருக்கப்பெயர். ‘பொத்தானாகக் கொள்க’ என்னும் ஆணையை இங்கு அது, ‘நீ பொத்தான்தானா என வினவியபின் பொத்தானாகக் கொள்க’ என விரிக்கின்றது. எழுதுவோர் ஆயிரம் இடங்களில் மறந்துவிடக்கூடிய வினா, ஓரிடத்து விதியினால் அத்தனை இடங்களிலும் எழுகின்றது. விதிப்பவன் மட்டுமே பேசிவந்த இடத்தில், விதிக்கப்படும் பொருளுக்கும் வாய் கிடைக்கின்றது.

வினாவுக்கு ‘அல்ல’ என்று விடை வந்தால் செய்யவேண்டுவது யாது? அறப்பிரச்சினை இங்கேதான் கூர்மையடைகின்றது. சீ பிளஸ் பிளஸ் மொழியின் இயங்குநிலை வகைமாற்றம், பொருந்தாத சுட்டிக்கு வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தருகின்றது. கேட்டவன் அம்மறுப்பை நோக்கித் தன் வழியைத் தீர்மானிக்கலாம். ஜீஒப்ஜெக்டின் மக்ரோவோ எச்சரிக்கையொன்றை வெளியிட்டுவிட்டு, அதே சுட்டியைக் கோரிய பெயரிலேயே கையளிக்கின்றது. மேலும், தொகுக்கும்போது ஒரு தெரிவைக் கொடுத்தால் அச்சோதனை முழுவதும் நீங்கி, மக்ரோ வெறும் வகைமாற்றமாகிவிடும். செய்நிரலின் வரிகள் முன்போலவே காட்சியளிக்கும். வினா மாத்திரம் உள்ளிருந்து மறைந்திருக்கும். மறுப்பை ஏற்றல், மறுப்பைக் கேட்டும் கடந்துசெல்லல், கேட்பதையே நிறுத்தல் என்னும் இம்மூன்று நிலைகளும் கணினிக்கு மட்டும் உரியனவல்ல. நிறுவனங்களும் தனிமனிதரும் தம் முன் வருவோரைப் பெயரிட்டு வகைப்படுத்தும்போது இம்மூன்றனுள் ஒன்றிலேயே நிற்கின்றனர்.

சோதனைக்குக் காலமும் ஆற்றலும் செலவாகின்றன, தேர்ந்தவனுக்கு அது வேண்டியதில்லை என்போர் உளர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், 1996 யூன் 4 ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவின் கூருவிலிருந்து ஏவப்பட்ட ஏரியன் 5 றொக்கற்றின் முடிவு இவ்வாதத்துக்கு ஓர் எல்லையை வகுக்கின்றது. அதன் திசையறி கருவியின் செய்நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது. அங்கு நிகழ்ந்தது பெறுமான மாற்றமேயன்றிச் சுட்டியின் மாற்றமன்று. எனினும் பிரச்சினையின் வேர் ஒன்றே. 64 இரும இலக்கத் தசம எண்ணொன்று 16 இலக்க முழு எண்ணாக மாற்றப்பட்டபோது, அதனுள் அடங்காத பெருக்கத்தை அடைந்திருந்தது. ஆபத்துக்குரியவையென இனங்காணப்பட்ட ஏழு மாறிகளுள் நான்குக்கே காப்பளிக்கப்பட்டிருந்தது. கணினியின் வேலைச்சுமையை 80 வீதத்துக்குள் வைத்திருக்க வேண்டுமென்பதால் ஏனைய மூன்றும் விடப்பட்டன. ஏரியன் 4 இன் பறப்புப்பாதையில் அம்மூன்றும் எல்லை மீறவில்லை. புதிய றொக்கற்றின் பாதையோ வேறு. இம்முடிவு பல மட்டங்களில் கூட்டாக எடுக்கப்பட்டதென்றும், அதற்கான நியாயம் செய்நிரலில் குறிக்கப்பட்டிருக்கவில்லையென்றும் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு கண்டறிந்தது. எல்லோரும் சேர்ந்து வைத்த நம்பிக்கைக்குத் தனித்து விடைகூற வேண்டியவர் எவருமில்லாது போயினர்.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிந்தனைக்குரியது. செயலிழந்த திசையறி கருவி, தன் பிழையைத் தெரிவிக்கும் இலக்கத்தொடரொன்றைப் பிரதான கணினிக்கு அனுப்பியது. ‘எனக்குப் பிழை நேர்ந்துவிட்டது’ என்னும் அவ்வாக்குமூலத்தைப் பிரதான கணினி பறப்புத் தரவாக வாசித்தது. இல்லாத விலகலைத் திருத்துவதற்காக எரிகுழல்களை அது முழுமையாகத் திருப்பியது. பறப்பு வரிசை தொடங்கி ஏறத்தாழ 40 செக்கன்களில், 3,700 மீற்றர் உயரத்தில் றொக்கற்று பாதை விலகிச் சிதறியது. அதிலிருந்த நான்கு ‘கிளஸ்டர்’ விண்கலங்களும் அழிந்தன. உண்மை கூறப்பட்டது, கூறியதை இன்னதென்று வினவி ஏற்கும் செவிதான் அங்கிருக்கவில்லை.

இன்னுமொரு தடை எழுப்பப்படலாம். அடையாளத்தை வாசித்துச் சோதிப்பதற்கு, அவ்விடத்திலே அடையாளம் இருக்கின்றதென முதலில் நம்பவேண்டுமன்றோ? நினைவகம் விடுவிக்கப்பட்டபின் அதனைச் சுட்டிநிற்கும் பழைய சுட்டியிடம் இனத்தைக் கேட்டால், பொய்யான விடையும் வரலாம். செய்நிரல் நிலைகுலையவும் கூடும். ஆகவே சோதனையும் ஈற்றில் ஒரு நம்பிக்கையின் மீதே நிற்கின்றது. இத்தடை உண்மையானதே. ஆயின், நம்பிக்கையை முற்றாக நீக்க முடியாதென்பதிலிருந்து, எங்கும் எதனையும் நம்பலாம் என்பது பெறப்படாது. பாதுகாப்பான வகைமாற்றம் நம்பிக்கையை ஒழிப்பதில்லை. பொருள் பிறக்கும் இடத்திலே அடையாளத்தைப் பொறிக்கும் ஒரு சிறு செயலுக்குள் அதனை ஒடுக்குகின்றது. பரந்து கிடக்கும் நம்பிக்கையைக் காவல்செய்தல் அரிது. ஓரிடத்தில் ஒடுக்கப்பட்ட நம்பிக்கையைக் காவல்செய்தல் இயலும்.

எனவே, பாதுகாப்பு என்பது மக்ரோவுக்குள் முடிந்துவிடுவதன்று. வினவும் கருவியை அது தரலாம். ‘அல்ல’ என்னும் விடைக்குச் செவிசாய்க்கும் மனத்தை அதனால் தர முடியாது. வினாவை நீக்கத் துணிவோர் அந்நீக்கத்தின் நியாயத்தைப் பின்வருவோர் காணுமாறு எழுதிவைக்கவேனும் கடமைப்பட்டுள்ளனர். ஏனெனில், பெயரிட்டவர் பெரும்பாலும் மேசையருகில் இருப்பர்; தவறிய பெயரின் விளைவைச் சுமப்பவர் அவரை ஒருபோதும் கண்டிராதவராகவே இருப்பர்.