வேப்பிலையும் வீர உரையும்

பூசாரி வேப்பிலை அடித்தார். நான் வீர உரை நிகழ்த்தினேன். இருவருள் எவர் பெரிய குற்றவாளி? சில திங்களாக என் நெஞ்சைக் குடையும் கேள்வி இது, தோழர்களே!

மேல்நிலை வகுப்பில் என்னிடம் பயின்றவன்; இன்று இருபது வயது இளைஞன். கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். உணவைத் தள்ளினான். விடியுமுன் விழித்து விட்டத்தை நோக்கிக் கிடந்தான். உயிராய் நேசித்த பந்தாட்டத்தையும் மறந்தான். காத்துக் கருப்பு என்றார் பாட்டி. பூசாரி வந்தார், கயிறு கட்டினார், காசு பெற்றார், போனார். செய்தி கேட்டுச் சீறி எழுந்து ஓடினேன். பேயுமில்லை பிசாசுமில்லை என்று முழங்கினேன். அத்துடன் நின்றேனா? "வாலிபனுக்குச் சோர்வு அடுக்குமா? எழு! துணிந்து நில்!" என்றேன்.

அவன் மெல்லச் சொன்னான்: "சார், பேய் பிடிச்சிருக்குன்னு பாட்டி சொல்றாங்க. சோம்பல் பிடிச்சிருக்குன்னு நீங்க சொல்றீங்க."

சவுக்கடி! பேய்க்குச் சான்று கேட்டவன் நான். என் வீர உரை மனச்சோர்வைத் தீர்க்கும் என்பதற்கு என்ன சான்று வைத்திருந்தேன்?

சான்று எங்கே கிடைக்கும்? கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுற்றோர் ஏறத்தாழ 500 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மறு பிரிவுக்கு அதனுடன், மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினர். மனம் தெளியட்டும் என்று காத்திராமல், முன்பு இன்பம் தந்த சிறு செயல் ஒன்றைக் குறித்து வைத்துச் செய்வது, அடுத்த அமர்வில் அதைப் பற்றிப் பேசுவது, இதுவே முறை. மூன்று திங்களில் நோய் தணிந்தோர் முதற்பிரிவில் 39 விழுக்காடு. மறு பிரிவில் 64 விழுக்காடு. 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த கணக்கு இது. 'நீயும் எழு என்றுதானே சொன்னாய்' என்பீர்கள். நான் மலையேறு என்றேன். அவர்கள் உடனிருந்து ஒரு படியைக் காட்டினர்.

அந்த ஆய்விலும் அனைவரும் தேறிவிடவில்லை. தேறாதவனை என் செய்வது? இங்கேதான் வேறுபாடு விளங்குகிறது. பரிகாரம் பலிக்காவிடில் பக்திக் குறைவு என்பார் பூசாரி. என் உரை பலிக்காதபோது துணிவுக் குறைவு என்றேன் நான். இருவருமே பழியை நோயாளி தலையில் சுமத்தினோம்! சான்று வழி நடக்கும் மருத்துவரோ அவ்வப்போது அளந்து பார்க்கிறார். குறையாவிடில் மருத்துவத்தை மாற்றுகிறார். மருந்தையும் அவர் வேதமாகக் கொள்வதில்லை. இருபத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு மனச்சோர்வு மருந்தின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007இல் எச்சரித்தது. மருந்தை ஒதுக்கு என்பது அதன் பொருளன்று. கொடுத்துவிட்டுக் கண்ணயராதே என்பதே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறதா என அவனைக் கேட்க நான் அஞ்சினேன். கேட்டால் எண்ணத்தை விதைத்தவனாவோம் என்று நம்பினேன். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை. எத்தனை பகுத்தறிவாளர் உள்ளத்தில் இந்த மூடநம்பிக்கை குடியிருக்கிறதோ! அரசு மருத்துவமனையில் மருத்துவர் முதல் நாளே கேட்டார். "ஆமாம்" என்றான். எத்தனை நாளாக என்றார். வேப்பிலைக்கும் முன்பிருந்தே, என் வீர உரைக்கும் முன்பிருந்தே! (14416 என்ற எண்ணில் இரவு பகலாக அரசின் மனநல உதவி கிடைக்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.)

முதல் மருந்து போதிய பயன் தரவில்லை, மாற்றினர். பேச்சு மருத்துவமும் நடைபெறுகிறது. முழுதும் தேறிவிட்டான் என்று எழுத ஆசை, எழுத மாட்டேன். நேற்று மாலை திடலோரம் நின்று பந்தாட்டம் பார்த்தான். ஆடவில்லை. நான் அருகே நின்றேன். உரை எதுவும் நிகழ்த்தவில்லை.