சாமி பெயரில் பட்டா, உழவர் தலையில் நஷ்டம்

விவசாயிகளுக்கு அரசு தரும் உதவித்தொகை என்றதும், தொகை போதுமா, தவணை வந்துவிட்டதா என்றுதான் பேசுகிறோம். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய அறக்கேள்வி அப்படியே கிடக்கிறது. அந்தப் பணம் எந்த நியாயத்தால் ஒருவருக்கு உரியதாகிறது? நிலம் வைத்திருப்பதாலா, நிலத்தில் பாடுபடுவதாலா? 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் இதற்குத் தன் விடையைச் சொல்லிவிட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சொந்த நிலமில்லாத குத்தகை விவசாயிக்கும், வாரத்துக்குப் பயிரிடுபவருக்கும், விவசாயக் கூலிக்கும் அதில் இடமில்லை. 2 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்த வரம்பும் சில மாதங்களிலேயே எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் தெலங்கானா கொண்டுவந்த ரைத்து பந்து, ஒரு பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் என்று தொடங்கியது. நிலம் கூடினால் பணமும் கூடியது. குத்தகைதாரருக்கு அதிலும் ஒன்றுமில்லை. பட்டாவைத் தகுதியாக்கும் இந்த விடை அறத்தின்படி தவறு என்பதே என் வாதம்.

இத்தகைய உதவிக்குச் சொல்லக்கூடிய நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். வறுமையைத் துடைக்கத்தான் இந்தப் பணம் என்றால், நிலமுள்ளவரைவிட நிலமற்றவரே முதலில் நிற்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பயிரிடுவோர் சுமார் 11.9 கோடி, விவசாயக் கூலிகள் சுமார் 14.4 கோடி. பெரிய கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேச முடியாது. இல்லை, இது நஷ்டத்துக்கு ஈடு என்று சொல்லலாம். அது வலுவான நியாயம்தான். விலை ஏறும்போது நுகர்வோரைக் காக்க அரசு ஏற்றுமதியைத் தடுக்கிறது. 2022 மே மாதத்தில் கோதுமைக்கும், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் அப்படித்தான் தடை வந்தது. நாட்டுக்காக விலையை அடக்கிவைத்தால், அந்தச் சுமையைத் தாங்கியவருக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் அதைத் தாங்கியவர் யார்? காவிரி டெல்டாவில் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று குத்தகை பேசியிருந்தால், நெல் விலை போனாலும் போகாவிட்டாலும் நில உரிமையாளரின் மூட்டை குறைவதில்லை. மழையும் புகையானும் சந்தையும் பறித்துக்கொள்வது குத்தகைக்காரரின் பங்கைத்தான். சரி, இது நில உடைமைக்கு அரசு செய்யும் மரியாதை என்று வைத்துக்கொள்வோமா? அப்படியானால் வருமான வரி கட்டுபவரையும், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞரையும் கிசான் சம்மான் திட்டம் ஏன் விலக்குகிறது? உடைமை மட்டும் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. எந்த வழியில் போனாலும் பட்டா அறக்காரணமாக நிற்பதில்லை.

உழைப்பே உரிமையைத் தருகிறது என்ற எண்ணம் புதிதும் அல்ல, ஒரு கட்சிக்கோ மதத்துக்கோ சொந்தமானதும் அல்ல. பாலி நூல்களில் காசி பாரத்துவாசன் என்ற பிராமண உழவன், பிச்சைக்கு வந்த புத்தரிடம், தான் உழுது விதைத்து உண்பதைச் சொல்லி, அவரும் அப்படியே செய்யட்டும் என்கிறான். புத்தர் அந்த நியாயத்தை மறுக்கவில்லை. தானும் ஒருவகையில் உழுபவனே என்றுதான் பதில் சொல்கிறார். உழுதவனுக்கே உணவு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. விவிலியத்தின் லேவியராகமம் நிலம் கடவுளுடையது என்கிறது. அதே நூல் வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்கிறது. நம் பக்கத்திலும் மேல்வாரம், குடிவாரம் என்று விளைச்சலின் மேல் இரண்டு உரிமைகள் இருந்தன. மேல்வாரம் யாருக்குப் போனாலும், பயிர் செய்த குடிக்கு ஒரு பங்கு தனியாக நின்றது. அந்த ஏற்பாட்டில் சாதிக் கொடுமையும் பண்ணையடிமையும் இருந்தன. அதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. ஆனால் ஒரே வயலில் உடையவருக்கு ஒன்றும் உழுபவருக்கு வேறொன்றும் உரியது என்ற தெளிவு அதில் இருந்தது. இன்றைய உதவித்தொகைப் படிவத்தில் அது இல்லை.

இந்த இல்லாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கோயில் நிலத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் சாமியும் ஒரு நபர். கோயில் நிலத்தின் உரிமையாளர் பத்தியில் சாமியின் பெயர்தான் இருக்க வேண்டும், பூசாரியின் பெயர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அந்த நிலத்தை ஒரு குடும்பம் தலைமுறையாகக் குத்தகைக்குப் பயிரிடுகிறது என்று கொள்வோம். நாற்றங்கால் விடுவதும், வாய்க்கால் வெட்டுவதும், உரக்கடையில் கடன் சொல்வதும் அவர்கள்தான். உதவித்தொகை வரும்போது, நிறுவன உடைமை என்பதால் கோயிலுக்கு இல்லை. பட்டா இல்லாததால் குத்தகைக் குடும்பத்துக்கும் இல்லை. சாமி பசியறியாதவர், அவருக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்த வயலில் வியர்த்தவர்கள் இருக்கும்போதே அங்கே விவசாயி எவரும் இல்லை என்று முடிவாகிறது. பெண்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில்; ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதம்.

உழுபவரை எப்படி அடையாளம் காண்பது, பட்டா ஒன்றுதானே உறுதியான சான்று என்று கேட்பார்கள். பட்டாவே தகுதி என்றிருந்தபோதுதான் 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் கிசான் சம்மான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது. உழுபவரை அரசுக்குத் தெரியாது என்பதும் சரியல்ல. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் எழுதுகிறார். அந்த அடங்கலை வைத்துக் குத்தகை விவசாயியும் பயிர்க் காப்பீடு செய்ய முடிகிறது. பிரீமியம் வாங்கும்போது தெரிகிற விவசாயி, உதவி கொடுக்கும்போது மட்டும் தெரியாமல் போவது நியாயமில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சியே பல உரிமையாளர்கள் குத்தகையை வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உழுபவர் பெயரைப் பதியத் தொடங்கினால் நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் போடுவார்கள், குத்தகைக்கு விடமாட்டார்கள். இந்த அச்சம் உண்மையானது. ஆந்திரம் 2019-ல் ஒரு வழி தேடியது: 11 மாதத்துக்கு, பயிரின் மேல் மட்டும் உரிமை, நிலத்தின் மேல் இல்லை என்று பயிரிடுவோருக்கு அட்டை தரும் சட்டம். ஆனால் அதற்கும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றது. எவரிடமிருந்து பாதுகாப்பு தேவையோ அவர் கையெழுத்தையே கேட்டதுதான் அதன் குறை. உதவித்தொகைப் பதிவு நில உரிமை வழக்கில் சான்றாகாது என்று சட்டமே சொல்லிவிட்டு, கிராம சபையில் ஊரறிய உறுதிசெய்தால் அந்தக் கையெழுத்து தேவைப்படாது. குத்தகைக்காரருக்குக் கொடுத்தால் உரிமையாளர் குத்தகையை ஏற்றி அதையும் வாங்கிக்கொள்வார் என்பது இன்னொரு வாதம். ஓரளவு நடக்கலாம். ஏக்கர் கணக்கில் தராமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தந்தால் அந்தப் பிடி தளரும். எப்படியானாலும், வழியில் பறிபோகக்கூடும் என்பதற்காக உரிய தொகையை முதலிலேயே வேறொருவரிடம் கொடுப்பது நீதியாகாது.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு ஒடிசாவே சாட்சி. அங்கே 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட காலியா திட்டம் வாரத்துக்குப் பயிரிடுவோரையும் சேர்த்துக்கொண்டது. நிலமற்ற விவசாயக் குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்ப்பு போன்ற தொழில்களுக்காக 12,500 ரூபாய் அறிவித்தது. தெலங்கானாவும் 2025-ல் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்ற தனித் திட்டத்தைத் தொடங்கியது. இவை குறையில்லாதவை அல்ல. ஆனால் பட்டா இல்லாதவரையும் விவசாயத்தின் மனிதராக எண்ண முடியும் என்று காட்டுகின்றன. சிறு நில உடைமையாளரிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. தானே உழும் சிறு விவசாயி எந்த அளவுகோலிலும் முன்வரிசையில்தான் இருப்பார். தானம் என்றால் கொடுப்பவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். கடனை அப்படித் தீர்க்க முடியாது, யாரிடம் பட்டோமோ அவரிடமே தீர்க்க வேண்டும். ஆகவே விண்ணப்பப் படிவம், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பருவத்தில் இங்கே பயிர் செய்தவர் யார் என்று கேட்க வேண்டும். பணம் அந்தப் பெயருக்கே போக வேண்டும்.